தோற்றவர் துடைக்க வேண்டும்

காலையில் இன்னும் யாரும் தோற்றிருக்க மாட்டார்கள் என்பதால் அன்றைய முதல் துடைப்பு வேணியுடையது. ஷட்டரைத் தூக்குவாள், செருப்பை வெளியில் விடுவாள், சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்வாள். அகலமான மாப்பை வாளியில் முக்கிப் பிழிந்து, ஷட்டில் கோர்ட்டின் பச்சை விரிப்பில் சுவரோரத்து மூலையில் தொடங்குவாள். வெளியே செந்துறை ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரிகள் விடிய விடியப் போகின்றன. ஷட்டருக்கு அடியில் பழைய துணியைத் திணித்து வைத்தாலும் வெள்ளைத் தூசி எப்படியோ உள்ளே வந்து, மாவு சலித்த இடம்போல் கோர்ட்டின் மேல் படிந்து கிடக்கும். ஈரம் கூடினால் விளையாடுகிறவர் வழுக்குவார். குறைந்தால் தூசி இடம் மாறுமே தவிரப் போகாது. இத்தனை வருஷத்தில் வேணிக்கு அந்தப் பக்குவம் இன்னும் முழுதாகக் கைவரவில்லை. வாரத்தில் ஒரு நாளாவது அவள் துடைத்த இடத்தில் யாராவது சறுக்கி, "யக்கா, நாத்து நடலாமா இங்க?" என்று கேட்பார்கள்.

பலகையில் இருப்பது 'வேணி இன்டோர் ஸ்போர்ட்ஸ்'. ஊரில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் ஆட்டோ ஏறி 'மாப்புக் கோர்ட்டு' என்றால் நேராக இங்கே கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள். அதற்கு முன்பு இது முந்திரிக் குடோனாக இருந்தது. மழை நாளில் சுவரிலிருந்து முந்திரித் தோலின் காரமான வாசம் இப்போதும் கசியும்.

வேணி செந்துறைப் பக்கம், மழையைப் பார்த்துக் கடலை போடுகிற குடும்பத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்தில் பூப்பந்து ஆடியவள். ஜெயங்கொண்டத்தில் ஒரு போட்டியில் ஜெயித்து வாங்கிய எவர்சில்வர் தட்டில்தான் கல்யாணத்துக்குப் பிறகும் சாப்பிட்டாள். கணவர் நல்லுசாமி கல்யாணமான சில மாதங்களிலேயே மஸ்கட் போனார். "இங்க ஒரு பெரிய ஸ்போர்ட்ஸ் சென்டரு. சூப்பர்வைசரா இருக்கேன்" என்று போனில் சொன்னார். வேணி அதையே மாமியாரிடமும் ரேஷன் கடையிலும் மகளின் பள்ளிக்கூடத்திலும் சொன்னாள். சூப்பர்வைசர் பெண்டாட்டி என்ற பெயரில் அவளுக்கு ஒரு நிமிர்வு இருந்தது. அது பொய்யான நிமிர்வும் இல்லை. பணம் ஒழுங்காக வந்தது, மகள் படித்தாள்.

நல்லுசாமி திரும்பி வந்ததும் இருவரும் சேர்ந்து இந்தக் குடோனை எடுத்தார்கள். விளக்கு ஆட்டக்காரரின் தலைக்கு மேல் வரக்கூடாது, சுவர் இருட்டு நிறத்தில் இருந்தால்தான் வெள்ளை இறகுப் பந்து கண்ணுக்குத் தெரியும் என்றெல்லாம் அவர்தான் சொன்னார். பூப்பந்து ஆடிய கை வேணிக்கு இருந்தது. திறந்த முதல் வாரமே கூட்டம் வந்தது.

அந்த முதல் வாரத்தில்தான் வேணி பார்த்தாள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும், யாரும் சொல்லாமலே, நல்லுசாமி எழுந்து மாப்பை எடுப்பார். மணிக்கட்டை ஒரு திருகு திருகிப் பிழிவார். பின்பக்கமாகவே நடந்து, கீழே பார்க்காமலே, ஒரு இழுப்பின் விளிம்பில் அடுத்த இழுப்பைச் சேர்ப்பார். ஆட வருகிறவர்கள் அவர் துடைத்துக்கொண்டிருக்கும் ஈரத்தை மிதித்துக்கொண்டே பேசியபடி குறுக்கே போவார்கள். அவர் மாப்பை நெஞ்சோடு நிறுத்தி, சுவரோடு ஒட்டி, தலையைத் தாழ்த்தி, அவர்கள் போகும்வரை நிற்பார். பிறகு அவர்கள் மிதித்த இடத்தை மறுபடி துடைப்பார்.

எந்த சூப்பர்வைசரும் அப்படி ஒதுங்கி நிற்க மாட்டார்.

வேணி அன்றைக்கும் கேட்கவில்லை, அதன் பிறகும் கேட்கவில்லை. மறுநாள் ஒரு டப்பா நீலப் பெயிண்டும் பிரஷ்ஷும் வாங்கி வந்தாள். ஸ்டூல் போட்டு ஏறி, நுழைந்ததும் கண்ணில் படுகிற வெள்ளைப் பக்கச்சுவரில் பெரிதாக எழுதினாள்: தோத்தவங்க துடைக்கணும்.

நல்லுசாமி கீழேயிருந்து அண்ணாந்து பார்த்தார். "என்ன இது?"

"ரூலு."

"வர்றவனெல்லாம் ஓடிருவான்."

"ஓடட்டுமே. காசு குடுத்து ஓடத்தான வர்றாங்க."

ஓடியவர்கள் உண்டு. உடையார்பாளையம் பக்கத்துக் காண்ட்ராக்டர் ஒருவரின் மகன், தோற்ற பிறகு வாசலில் நின்ற தன் டிரைவரைக் கூப்பிட்டான். "இவரு துடைப்பாரு."

"இவரு ஆடுனாரா?" என்று வேணி கேட்டாள்.

"இல்ல."

"அப்ப இவரு தோக்கல. நீங்கதான் தோத்தீங்க."

"எங்க வூட்டுல நான் ஒரு டம்ளர எடுத்து வச்சதில்ல, தெரியுமா?"

"தெரியும். ஆட்டத்துலயே தெரிஞ்சிச்சு. நெட்டுகிட்ட விழுந்த பந்த ஒண்ணக்கூட நீங்க குனிஞ்சு எடுக்கல."

அவன் போய்விட்டான். நண்பர்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். சாயங்கால நேரங்கள் கொஞ்ச காலம் காலியாகக் கிடந்தன. நல்லுசாமி கணக்கைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். வேணி அந்தக் காலி நேரங்களைப் பெண்களுக்கு என்று கொடுத்தாள். பஸ் ஸ்டாண்ட் பக்கம் தையல் கடை வைத்திருக்கும் பூவிழி அப்படி வந்தவள்தான். முதல் நாள் மட்டையைக் கரண்டி பிடிப்பதுபோல் பிடித்தாள். இன்றைக்கு அவள் எதிரே நின்று ஆட ஆண்கள் யோசிக்கிறார்கள். பிறகு ஒரு நாள் காண்ட்ராக்டர் மகனும் வந்தான். தோற்றான். யாரையும் பார்க்காமல் துடைத்துவிட்டுப் போனான். மறுநாளும் வந்தான்.

பெரம்பலூரில் நான்கு ரோடு பக்கம் இரண்டாவது இடம் எடுத்தபோது, "அங்க மக்காச்சோள வியாபாரி, காலேஜு பசங்க. இதெல்லாம் எடுபடாது" என்று நல்லுசாமி சொன்னார். வேணி அங்கேயும் அதே நீலத்தில் எழுதினாள். அங்கேயும் துடைத்தார்கள். ஒரு பேங்க் மேனேஜர் பேண்டை மடித்து விட்டுக்கொண்டு துடைக்கிற வீடியோ ஒருவர் போனிலிருந்து இன்னொருவர் போனுக்குப் போய், கடல் தாண்டியும் போனது.

இந்த இரண்டு இடத்திலும் ஊர் லீக் என்று ஒன்று நடக்கிறது. ஆட்டக்காரரை வயதுவாரியாகவோ திறமைவாரியாகவோ பிரிப்பதில்லை. செந்துறை, வரதராஜன்பேட்டை, வேப்பந்தட்டை, கங்கைகொண்ட சோழபுரம் என்று ஊர்வாரியாகத்தான் அணி. ஊர் தோற்றால் ஊரே மாப்புப் பிடிக்கும். ஆட்டத்தைவிட அதைப் பார்க்கத்தான் கூட்டம்.

வீடியோவைப் பார்த்துத்தான் தமிழழகன் மஸ்கட்டிலிருந்து பேசினான். ஜெயங்கொண்டம் பக்கத்துக்காரன். அங்கே இரண்டு சூப்பர் மார்க்கெட் வைத்திருக்கிறான். நாற்பது வயது, நல்ல பேச்சு, சிரித்த முகம். "அக்கா, நம்ம ஊர்க்காரன் எவ்வளவு பேர் இங்க இருக்கான். வெள்ளிக்கிழமை லீவு ஆச்சுன்னா ரூமுக்குள்ள படுத்துக் கெடக்கான். உங்க பேருலயே, உங்க லீக்க அப்படியே இங்க நடத்துறேன். மொதல்ல மஸ்கட், அப்பறம் சொஹார், சலாலா. லைசன்ஸ் மட்டும் குடுங்க."

லைசன்ஸ் என்றால் என்ன என்று பூவிழி கேட்டபோது வேணி சொன்னாள்: "கோலம் நம்மளது, வாசல் அவங்களது. எடம், மொதலு, ஆளு எல்லாம் அவங்க பாத்துக்குவாங்க. நம்ம பேரப் போட்டு நம்ம மொறையில நடத்துவாங்க. அதுக்கு வருஷா வருஷம் நமக்கு ஒரு பங்கு."

"கோலத்துல ஒரு புள்ளிய அவங்க விட்டுட்டா?"

"அப்ப அது நம்ம கோலம் இல்ல."

இந்த ஏற்பாட்டில் வேணிக்கு ஆசை இல்லாமல் இல்லை. அவளுடைய பெயர் வெளிநாட்டில் ஒரு கட்டடத்தின் நெற்றியில் எரியப்போகிறது. ஆனால் அவளைவிட ஆசை நல்லுசாமிக்கு. தமிழழகன் பேசி வைத்திருந்த கட்டடம், நல்லுசாமி வேலை பார்த்த அந்த ஸ்போர்ட்ஸ் சென்டர் ஹாலுக்கு நேர் எதிரே இருந்தது. தமிழழகன் அனுப்பிய போட்டோவை அவர் பால்காரரிடம்கூடக் காட்டினார். வெறும் கண்ணாடிக் கட்டடம். "இதோ இந்த எடத்துல வரும் நம்ம பேரு. நான் வேலை பாத்த ஹாலு வாசல்ல நின்னா நேரா தெரியும்" என்று விரல் வைத்துக் காட்டுவார். வீட்டில் சாப்பிடும்போது, "எழுத்து நீலமா சிவப்பா?" என்று கேட்பார். பதில் வருவதற்குள், "நீலந்தான். நீலந்தான் ராத்திரியில எடுப்பா இருக்கும்" என்று தானே சொல்லிக்கொள்வார்.

தமிழழகன் கையெழுத்துக்காக வந்த அன்று நல்லுசாமி புதுச் சட்டை போட்டிருந்தார். கூடவே திருச்சியிலிருந்து அவனுடைய வக்கீல் பிரேம்குமார் காகிதங்களோடு வந்தார்.

"வாங்க தம்பி, வாங்க. வெயிலு எப்படி? நம்ம ஊரா, மஸ்கட்டா?" என்று நல்லுசாமி தமிழழகனின் தோளில் கைபோட்டு அழைத்துவந்தார். காலை முழுக்கத் தம்பி, தம்பிதான்.

"அண்ணே, அங்க சுடும். இங்க சுட்டு வறுக்கும்" என்றான் தமிழழகன். சுவரில் எழுதியிருந்ததைப் பார்த்துச் சிரித்தான். "அக்கா, கையெழுத்து அப்பறம். மொதல்ல ஒரு ஆட்டம்."

அவனும் வக்கீலும் ஒரு பக்கம். வேணியும் பூவிழியும் ஒரு பக்கம். தமிழழகன் ஆடத் தெரிந்தவன்தான், பாய்ந்து பாய்ந்து எடுத்தான். வக்கீல் ஒவ்வொரு பந்துக்கும் யோசித்தார்.

"வக்கீல் சார், ஷட்டிலுக்கு வாய்தா கெடையாது. அடிங்க!" என்று பூவிழி கத்தினாள்.

"அவரு அடிப்பாரும்மா, எதிர்க்கட்சிக்காரங்க நெட்டுகிட்ட நிக்கிறாங்கள்ல. மரியாதை பாக்குறாரு" என்றான் தமிழழகன்.

"மரியாதைய வீட்டுல வச்சிட்டு வரச் சொல்லுங்க. துடைக்க எடைஞ்சலா இருக்கும்."

தோற்றார்கள். தமிழழகன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு மாப்பை எடுத்தான். போனை வக்கீலிடம் கொடுத்து வீடியோ எடுக்கச் சொன்னான். முகம் சுளிக்கவில்லை. ஆனால் பிழியத் தெரியவில்லை. வாளியிலிருந்து எடுத்த மாப்பை அப்படியே விரிப்பில் போட, தண்ணீர் ஓடி நெட்டுக்குக் கீழே குளம் கட்டியது.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நல்லுசாமி மட்டும் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று உள்ளே போனார். தமிழழகனின் கையிலிருந்து மாப்பை வாங்கினார்.

"விடுங்க சார். நான் பாத்துக்கிறேன்."

மணிக்கட்டை ஒரு திருகு திருகினார். பின்பக்கமாக நடந்தார். தமிழழகன் நன்றி சொல்லி, போனை வாங்கி வீடியோவைப் பார்த்தபடியே, அந்த ஈரத்தின் மேல் குறுக்கே நடந்து வந்தான். நல்லுசாமி மாப்பை நெஞ்சோடு நிறுத்திச் சுவரோரம் ஒதுங்கினார். புதுச் சட்டையின் முதுகு சுவரில் ஒட்டியது. அவருக்கு நேர் மேலே நீல எழுத்து.

பூவிழி வேணியைத் திரும்பிப் பார்த்தாள். வேணி தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். குடித்து முடித்த பிறகும் சொம்பை வாயிலிருந்து எடுக்கவில்லை.

குடோனாக இருந்த காலத்தில் முந்திரி எடை போட்ட சின்ன அறைதான் இப்போது ஆபீஸ். மேசையில் பிரேம்குமார் காகிதங்களைப் பரப்பினார். நல்லுசாமி ஈரக் கையைக் கைலேஞ்சியில் துடைத்தபடி வந்து உட்கார்ந்தார்.

"பேரு, சின்னம், ஊர் லீக், கோர்ட்டு அமைப்பு, எல்லாம் நீங்க சொன்னபடி இருக்குங்கம்மா" என்றார் வக்கீல். "பராமரிப்பு மட்டும் லைசன்ஸ் வாங்குறவங்க பொறுப்பு."

"பராமரிப்புன்னா?"

"சுத்தம் பண்றதுங்க. அவங்க ஆள் வச்சிப் பாத்துக்குவாங்க."

"சொவத்துல எழுதியிருக்கிறது இதுல எங்க இருக்கு?"

வக்கீல் தமிழழகனைப் பார்த்தார். தமிழழகன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டான்.

"அக்கா, இப்பதான நானே துடைச்சேன்? எனக்கு அதுல ஒண்ணும் இல்ல. ஆனா அங்க வெள்ளிக்கிழமை லீக்க வச்சி மட்டும் வாடகை கட்ட முடியாது. மத்த நாளுக்கு மெம்பர்ஷிப் வாங்குறவன் ஏசியில ஆடிட்டு, குளிச்சிட்டு, காருல ஏறிப் போறவன். அவன் கையில மாப்பக் குடுத்தா அடுத்த வாரம் எதிர்த்த ஹாலுக்குப் போயிடுவான்."

"பெரம்பலூர்லயும் இதத்தான் சொன்னாங்க."

"பெரம்பலூர் வேற, மஸ்கட் வேறக்கா."

"பெரம்பலூர்காரந்தான மஸ்கட்ல இருக்கான்? இங்க துடைச்ச கை பிளைட்டுல ஏறுனா சுருங்கிப் போயிடுமா?"

தமிழழகன் சிரித்துவிட்டான். "உங்ககிட்ட பேசி ஜெயிக்க முடியாது."

"பேசி ஜெயிக்க வேணாம். எழுதிக் குடுங்க, போதும்."

"'விரும்பினால்' அப்படின்னு ஒரு வார்த்தை சேத்து எழுதிக்கலாம்" என்றார் வக்கீல். "தோற்றவர் விரும்பினால் துடைக்கலாம்."

"விரும்பி எவன் சார் தோக்குறான்?"

தமிழழகன் சிரிப்பை நிறுத்தினான். அவன் குரலில் கோபம் இல்லை, அசதி இருந்தது. "அக்கா, இன்னொண்ணும் பாருங்க. துடைக்க ஆள் எடுத்தா யார எடுப்பேன்? நம்ம ஊர்ப் பையனுவளத்தான். நாலு குடும்பம் பொழைக்கும். அதையும் வேணாங்கிறீங்களா?"

இது வேணி எதிர்பார்க்காதது. நல்லுசாமி நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"ஆளு வைங்க" என்றாள் வேணி. "நல்ல சம்பளம் குடுத்து வைங்க. கண்ணாடி துடைக்கட்டும், பாத்ரூம் கழுவட்டும், லைட்டு மாட்டட்டும். அது வேலை, அதுல ஒரு கொறையும் இல்ல. கோர்ட்டு மட்டும் ஆடுனவன் துடைக்கட்டும். ஒருத்தன் துடைச்சிக்கிட்டு இருக்கையில இன்னொருத்தன் அவன நிமிந்துகூடப் பாக்காம அந்த ஈரத்த மிதிச்சிக்கிட்டுப் போறது, என் பேரு போட்ட எடத்துல நடக்கக்கூடாது."

"யாருக்கா அப்படிப் போறா? எங்க பாத்தீங்க அப்படி?"

நல்லுசாமி கைலேஞ்சியை மடித்தார். மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

சற்று முன்பு பார்த்தேன் என்று சொல்லலாம். தமிழழகன் வெட்கப்படுவான், மன்னிப்புக்கூடக் கேட்பான். ஆனால் ஒதுங்கி நின்றது யார், ஏன் அவருக்கு அப்படி ஒதுங்க வந்தது என்று பேச்சு அடுத்து அங்கேதான் போகும்.

"இங்கதான். தொறந்த புதுசுல" என்றாள் வேணி. "அதோட எழுதிட்டேன்."

தமிழழகன் கடிகாரத்தைப் பார்த்தான். "அக்கா, நாளைக்கு எனக்கு பிளைட்டு. ஒளிவுமறைவா பேசல. கோயம்புத்தூர்லயும் ஒருத்தர் கேட்டுக்கிட்டிருக்காரு. அவருக்கு இந்த மாதிரி கண்டிஷன் ஒண்ணும் இல்ல. எனக்கு நம்ம ஊரு பேரு வைக்கணும்னு ஆசை, அதான் இவ்வளவு தூரம் வந்தேன்."

"அவரு பேரையே வச்சிக்குங்க தம்பி. நல்ல பேராத்தான் இருக்கும்."

"கோவமா சொல்றீங்களா?"

"கோவமே இல்ல. சாப்பிட்டுத்தான் போகணும் நீங்க. கறி வச்சிருக்கேன். ஆனா மாப்பு இல்லாம என் பேரு எங்கயும் போகாது. மஸ்கட்டுக்கும் போகாது, இந்தா இருக்கிற மாத்தூருக்கும் போகாது."

வக்கீல் காகிதங்களை அடுக்கத் தொடங்கினார். அந்தச் சத்தம்தான் நல்லுசாமியை எழுப்பியிருக்க வேண்டும். நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். வேணியிடம் அவர் பிறர் முன்னால் குரல் உயர்த்தியதே இல்லை. இப்போதும் உயர்த்தவில்லை.

"வேணி, அந்த ஹாலுக்கு நேரெதிர உன் பேரு எரியும்டி. அதப் பாக்கணும்னு எனக்கு இருக்காதா?" என்றார். "எத்தன வருஷம் அந்த வாசல்ல நின்னுருக்கேன். ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, அங்க போயி நின்னு அண்ணாந்து பாத்துட்டு வந்துருவேன். அவ்வளவுதான். அத ஒரு வரிக்காக வேணாங்கிற. அந்த மாப்புல அப்படி என்னதான் இருக்கு உனக்கு? சொல்லு."

தமிழழகனும் வேணியைப் பார்த்தான். அவனுக்கும் அது தெரிய வேண்டியிருந்தது.

நல்லுசாமியின் சட்டை முதுகில் சுவரின் வெள்ளைப் பொடி அப்பியிருந்தது. அவர் அதைப் பார்த்திருக்க முடியாது. வேணி எழுந்து அவர் பின்னால் போய், முந்தானையால் அதைத் தட்டிவிட்டாள். பொடி முழுதாகப் போகவில்லை.

வெளியே பூவிழி கூப்பிட்டாள். "வேணி, வரியா இல்லியா? வரதராஜன்பேட்டை டீமு வந்து நிக்குது!"

வேணி கையெழுத்துப் போடாமலே பேனாவை மூடிக் காகிதங்களின் மேல் வைத்தாள். ஆணியில் தொங்கிய மட்டையை எடுத்துக்கொண்டு அறையை விட்டு வெளியே போனாள்.